போட்டுக் காட்டி விற்கும் ரிக்கார்டுக் கடை, காரைக்குடி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் தூக்குவாளி, பித்தளை அண்டா, ரவிவர்மா படம், ஓடாத கடிகாரம் என்று சாமான்கள் வாசல் வரை வந்து கிடக்கும். எனக்கு வேண்டியது கிராமபோன் ரிக்கார்டு மட்டும். அப்பா விட்டுப்போன சாவி கொடுக்கும் பெட்டி வீட்டில் இருக்கிறது. போடத்தான் தட்டு இல்லை.

போன வருடம் வேறோர் ஊரில் நாலு தட்டு வாங்கி ஏமாந்தேன். பார்க்கப் பளபளவென்று இருந்தன. வீட்டில் வைத்தால் இரண்டில் மயிரிழை விரிசல், சுற்றுக்குச் சுற்று ‘டக்’. இந்தக் கடைக்காரர் அப்படியில்லை. “கேக்காம வாங்காதீங்கண்ணே” என்று அவரே சொல்லி, புது ஊசி மாட்டி, சாவி கொடுத்து, இரண்டு பக்கமும் ஓடவிட்டார். பன்னிரண்டு தட்டு கேட்டேன், பதினொன்றை ஒதுக்கினேன். முகம் சுளிக்கவில்லை.

ரிக்கார்டு வாங்கக் காரைக்குடி பொருத்தமான ஊர்தான். ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் சினிமாவுக்குப் போனதே இந்த வழியாகத்தான். அவர் அப்பா ஆவிச்சிச் செட்டியாரின் கடையில் கிராமபோன் தட்டும் விற்றார்கள். அடுத்தவர் செய்ததை விற்பானேன், நாமே செய்வோம் என்று மகன் சென்னைக்குப் போய் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியில் இறங்கினார். 1935இல் எடுத்த முதல் படம் ‘அல்லி அர்ஜுனா’ விழுந்தது. ஆனாலும் விடவில்லை. அப்புறம் அவர் செய்ததையெல்லாம் பார்த்தால், கண்ணைவிடக் காதை நம்பியவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. ‘நந்தகுமார்’ (1938) படத்தில் நடித்தவருக்காக வேறொருவரைப் பாட வைத்தார். கன்னட ‘ஹரிச்சந்திரா’வைத் தமிழ் பேச வைத்தார். ‘ஸ்ரீவள்ளி’யில் (1945) கதாநாயகி ருக்மிணி பாடியது மனசுக்குப் பிடிக்காமல், பி.ஏ. பெரியநாயகியைப் பாடச் சொல்லி அந்தக் குரலைச் சேர்த்தார். ரிக்கார்டுக் கடைக்காரர் புத்தி இது. தட்டு சரியில்லையா, எடுத்துவிட்டு வேறு போடு!

நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் வேறு. போர்க்காலத் தட்டுப்பாட்டில் சென்னையில் ஸ்டுடியோவுக்குக் கரண்ட் கிடைக்கவில்லை. செட்டியார் சொந்த ஊர்ப் பக்கமே திரும்பி, தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து ஸ்டுடியோ ஆக்கிவிட்டார். ‘நாம் இருவர்’ (1947) அங்கே எடுத்த படம். பாரதி பாடல்களுக்கான இசைத்தட்டு உரிமையை முன்பே காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தார். இந்தப் படத்துக்கு அது கைகொடுத்தது. 1949இல் அரசு கேட்டபோது ஒரு பைசா வாங்காமல் உரிமையைக் கொடுத்ததும் அவர்தான்.

அந்தப் படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய ‘ஆடுவோமே’ தட்டு இந்தக் கடையில் கிடைத்தது. நான் ஒதுக்காத ஒன்று அதுதான். லேபிள் பாதி உரிந்து, ஓரத்தில் ஒரு சில்லு போயிருக்கிறது. அடியில் அப்பளம் பொரிகிற சத்தம். ஆனால் குரல் அப்படியே முழுசாக வருகிறது. 800 சொன்னார், 650க்குத் தந்தார். ஸ்டுடியோ இருந்த இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் நின்று அந்தப் பாட்டைக் கேட்டதற்கே 150 கொடுக்கலாம்.

குறைகளும் உண்டு. கடைக்குப் பலகை கிடையாது, ரசீது துண்டுச்சீட்டில்தான். ஊசி டப்பா விலை கூடுதல். அரக்குத் தட்டு கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும் என்று தெரிந்தும் செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டித் தருகிறார். பஸ்ஸில் மதுரை வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த முறை அட்டைப் பெட்டியும் பழைய துண்டும் கொண்டுபோகப் போகிறேன். பெரிய பித்தளைக் குழாய் மாட்டிய ‘பழைய’ கிராமபோன் பெட்டிகளை அங்கே வாங்காதீர்கள். குழாய் புதுசு. கேட்டால் அவரே ஒத்துக்கொள்வார்.

பெரியநாயகி குரலில் ‘ஸ்ரீவள்ளி’ தட்டு வந்தால் சொல்கிறேன் என்று என் நம்பரை வாங்கி வைத்திருக்கிறார். மூன்று மாதமாகிறது. இரண்டு தடவை கூப்பிட்டார், இரண்டு தடவையும் “வேற படம்ணே, ஆனா நல்ல தட்டு” என்று போனிலேயே போட்டுக் காட்டினார்.