தரைக்குள் கிடக்கும் கம்பி: இரண்டு ஆண்டு அனுபவம்

எங்கள் குடியிருப்பு வளாகத்தின் வாயிலில் தடுப்புக் கம்பமும், அதற்குக் கண்ணாக, வண்டி வருவதை உணரும் லூப் டிடெக்டரும் பொருத்தி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வாயில் பராமரிப்பு என் தலையில் விழுந்ததால் இதனோடு வேண்டிய அளவு மல்லுக்கட்டிவிட்டேன். டிடெக்டர் பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன். கம்பியைத் தரையில் பதித்த விதத்தைத்தான் சொல்வேன்.

எடையை உணர்ந்துதான் கம்பம் உயர்கிறது என்று பலர் நம்புகிறார்கள். ஒருவர் காரைத் தள்ளி நிறுத்திவிட்டு வந்து, அந்த இடத்தில் இரண்டு முறை குதித்தே பார்த்தார். கம்பம் அசையவில்லை. கீழே இருப்பது சாலையில் செவ்வகமாக அறுத்த கோடு, அதற்குள் மூன்று நான்கு சுற்றுக் கம்பி, மேலே அடைப்புப் பசை, அவ்வளவுதான். நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் அந்தக் கம்பியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. காரின் அடிப்பாகம் மேலே வந்ததும் அந்த உலோகத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து, சுருளின் காந்தப்புலத்தை எதிர்க்கிறது. சுருளின் தூண்டல் திறன், அதாவது மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை, குறைய, மின்னோட்டம் திசை மாறும் அதிர்வெண் சற்றே ஏறுகிறது. அந்த இம்மி மாற்றமே பெட்டிக்குப் போதும். இருட்டும் மூடுபனியும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

மழை மட்டும் எங்களைப் படுத்தியது. முதலில் வந்த ஒப்பந்தக்காரர் மூலைகளைச் செங்குத்தாக அறுத்து, கம்பியை மடக்கித் திணித்துவிட்டுப் போயிருந்தார். மூலையில் உறை கிழிந்து ஈரம் இறங்கியது. மழை நாளெல்லாம் இல்லாத வண்டிக்குக் கம்பம் தூக்கியபடியே நின்றது. மெகர் என்ற மின்காப்பு சோதிக்கும் கருவியை வைத்துப் பார்த்தபோதுதான் மின்காப்பு போனது தெரிந்தது. அடுத்து வந்தவர் மூலைகளைச் சாய்வாக அறுத்தார்; பெட்டிவரை வரும் இரு கம்பிகளையும் நெருக்கமாக முறுக்கினார். அதற்குப் பிறகு மழையில் தொல்லை இல்லை.

இரண்டு குறைகள் உண்டு. மின்சாரம் போய்த் திரும்பும்போது சுருளின் மேல் வண்டி நின்றால், அதையே வெற்றுச் சாலை என்று பெட்டி எடுத்துக்கொள்கிறது. இப்படித்தான் ஒரு வேனின் கூரையில் கம்பம் இறங்கியது. உயரமான லாரி என்றால் அச்சுகளுக்கு நடுவே உணர்வு மங்கிவிடுகிறது. உணர்திறனைக் கூட்டினால் பக்கத்துப் பாதையில் போகும் காரையும் சேர்த்து எண்ணுகிறது. வண்டி வந்தபின் மட்டும் உணர்திறனை உயர்த்தும் சுவிட்ச் ஒன்று பெட்டியிலேயே இருந்தது. கையேட்டைத் தாமதமாகப் படித்தது என் தவறு.

சைக்கிளில் வருபவர்களுக்கு ஒரு சொல்: நடுவில் நிற்காதீர்கள். அறுத்த கோட்டின் மேலேயே சக்கரங்களை வையுங்கள். அலுமினிய ரிம்மும் போதும், காந்தம் ஒட்டும் உலோகமாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்த மாதம் சாலையைச் சுரண்டிப் புதிதாகப் போடப் போகிறார்கள். சுரண்டும் இயந்திரம் கம்பியை அறுத்துவிடும். சுருள் எங்கே இருக்கிறது என்று சுவரில் அளவு எழுதி வைத்திருக்கிறேன்.