முதலியார்பேட்டை மாடி ஜெர்மன் வகுப்பு: ஹாலேயில் பதினைந்து மாதம் இருந்துவிட்டு எழுதுகிறேன்

ஜெர்மன் மொழியின் மூன்றாம் நிலையான பி1 தேர்வில் தேறிய அன்றே இந்த வகுப்பைப் பற்றி எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன். ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் பதினைந்து மாதம் படித்துவிட்டு, பொங்கலுக்குக் கடலூர் வந்திருக்கிறேன். இப்போது நான்கு போடுகிறேன். ஆனால் இந்த நான்கு அன்றைய ஐந்தைவிட எனக்குப் பெரியது.

வகுப்புக்குப் பெயர்ப்பலகை கிடையாது. டீச்சர் தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி. மில்லுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், ஒரு வீட்டு மாடியில் நடக்கிறது. படித்தவர் சொல்லித்தான் அடுத்தவர் வருவார். எனக்குச் சொன்னது என் சித்தி மகன். காலை ஒன்பது மணி வகுப்புக்கு நான் முதுநகரில் ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவேன். கன்னியகோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பஸ் நின்று நின்று போகும். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் பெயர்ச்சொல்லின் பால் காட்டும் டெர், டீ, டாஸ் மூன்றையும் மனப்பாடம் செய்தேன். ஒரு நிலைக்கு 12,000 ரூபாய், இரண்டு தவணையாகக் கட்டலாம். தகரக் கூரை. சித்திரையில் இரண்டு மின்விசிறி போதவே போதாது.

இலக்கணம் நன்றாகவே நடத்துகிறார். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, வேறு இடங்களிலும் அது கிடைக்கும். இந்த வகுப்பின் உயிர் சனிக்கிழமைதான்.

டீச்சர் ஸ்டுட்கார்ட்டில் பல வருடம் குடும்பம் நடத்தியவர். வரும்போது ஒரு பெட்டி நிறையப் பழைய கடிதங்களைக் கொண்டுவந்திருக்கிறார். காப்பீட்டுக் கடிதம், வாடகைக் கணக்கு, வங்கிக் கடிதம், நகராட்சிக் கடிதம், எல்லாம் பெயர் மையடிக்கப்பட்ட நிஜக் கடிதங்கள். சனிக்கிழமை ஆளுக்கு ஒன்று கொடுப்பார். அகராதி தொடக்கூடாது. மூன்றே கேள்வி: யார் அனுப்பியது? என்ன கேட்கிறார்கள்? எந்தத் தேதிக்குள்? தேதியைக் கண்டுபிடித்து அடியில் கோடு போடாமல் யாரும் எழுந்திருக்க முடியாது. 'ஃப்ரிஸ்ட்' என்றால் கெடு. அந்த ஒரு சொல்லைத் தேடித் தேடி என் கண் பழகிவிட்டது. அப்புறம் அதற்குப் பதில் கடிதம், கையால், மூன்றே வாக்கியத்தில்.

என் எம்.எஸ்சி. பாலிமர் பொருள் அறிவியல், பாடம் முழுக்க ஆங்கிலம். "இங்கிலீஷ்லதானே நடத்துறாங்க, இதுக்கு எதுக்கும்மா தினம் பாண்டிக்கு அலையிற?" என்று சிப்காட் ஷிப்ட் முடித்து வந்த அப்பா ஒருநாள் கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். ஆய்வுக்கூடத்தில் ஆங்கிலம் போதும். தபால் பெட்டிக்குப் போதாது.

அங்கே மாணவ வாழ்க்கை தபாலில்தான் நடக்கிறது. முகவரியில் தெருவும் கட்டட எண்ணும் இருக்கும், ஃபிளாட் எண் இருக்காது. பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருந்தால்தான் தபால்காரர் போடுவார். குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். பதிந்த பிறகு கடிதங்கள் வரத் தொடங்கும். வங்கி அட்டை ஒரு உறையில், அதன் ரகசிய எண் வேறொரு உறையில். வரி எண்ணும் தபாலில்தான். வேலைக்குச் சேர்ந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

பிறகு ஒருநாள் டிவி, ரேடியோவுக்கான ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வந்தது. மாதம் 18.36 யூரோ. டிவி இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை, வீடு இருந்தால் கட்டணம். புதிதாக வந்தவர்கள் இந்தக் கடிதத்தைப் பார்த்துப் பயந்து கட்டிவிடுகிறார்கள். நான் இதே கடிதத்தை முதலியார்பேட்டை மாடியில் ஒரு சனிக்கிழமை படித்திருந்தேன். கட்டணம் ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு ஒன்று. நாங்கள் மூன்று பேர் ஒரே வீட்டில் இருந்தோம், ஒருத்தி ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய எண்ணைக் குறிப்பிட்டு மூன்று வாக்கியம் எழுதி அனுப்பினேன். முடிந்தது. எங்கள் கட்டடத்தில் அதே மாடியிலேயே வேறொரு வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அன்று ராத்திரி டீச்சருக்கு போன் செய்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

இனி அந்த ஒரு நட்சத்திரம் ஏன் குறைந்தது என்று சொல்கிறேன்.

டீச்சருடைய ஜெர்மன் தெற்கு. வகுப்பில் போடும் ஒலிப்பதிவுகள் ஸ்டூடியோவில் நிறுத்தி நிதானமாகப் பேசியவை. தேர்வுக்கு அது சரி. சென்னை கதே இன்ஸ்டிடியூட்டில் நான்கு பகுதியிலும் தனித்தனியாக நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும், கேட்டலில் எனக்கு 63 வந்தது. ஹாலேயிலோ 'நிக்ட்ஸ்' என்று நான் படித்த சொல்லை 'நுஷ்ட்' என்கிறார்கள். அதையாவது ஊகிக்கலாம். மணி சொல்வதை ஊகிக்க முடியாது. வீடு பார்க்க வரச்சொல்லி ஒருவர் போனில் 'ஃபியர்டெல் எல்ஃப்' என்றார். ஃபியர்டெல் கால், எல்ஃப் பதினொன்று. பதினொன்றேகாலுக்குப் போய் நின்றேன். அவர் சொன்னது பத்தேகால். பதினோராவது மணியில் கால் பங்கு முடிந்தது என்பது கிழக்கு ஜெர்மனியிலும் தெற்கில் சில இடங்களிலும் உள்ள கணக்கு. 'டிரைஃபியர்டெல் எல்ஃப்' என்றால் பத்தேமுக்கால். வீடு வேறொருவருக்குப் போய்விட்டது, பல்கலைக்கழகத்தின் வைன்பெர்க் வளாகத்துக்கு நடந்தே போகக்கூடிய வீடு. அடுத்தது கிடைக்க ஐந்து வாரம் ஆனது. அதுவரை ஒரு சீனியர் அக்கா அறையில் போர்வை விரித்துப் படுத்தேன். அங்கே முகவரி பதிய முடியாது. முகவரி இல்லாமல் எந்தக் கடிதமும் வராது. ஜெர்மனிக்கு அனுப்புகிற வகுப்பு இதைச் சொல்லித்தர வேண்டும். பத்து நிமிடப் பாடம்தான்.

இன்னொன்று, சுவரில் ஒட்டியிருக்கும் செலவுக் கணக்கு. முடக்குக் கணக்கில், அதாவது செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்காக முன்கூட்டியே போட்டுவைக்கும் வங்கிக் கணக்கில், காட்ட வேண்டிய தொகை நான் விசாவுக்கு விண்ணப்பித்தபோது 11,208 யூரோ. 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904. இந்த மாதம் போனபோதும் சுவரில் பழைய எண்தான் இருந்தது. கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்புகிற வீடுகளில் 696 யூரோ சின்னத் தொகை இல்லை.

ஹாலேயில் இடம் கிடைத்ததைச் சொன்னபோது டீச்சர், "உங்க ஊருக்கு ஆள் அனுப்பின ஊராச்சே அது" என்றார். அப்போது புரியவில்லை. முதல் குளிர்காலத்தில் ஃபிராங்கே நிறுவன வளாகத்துக்குப் போனேன். 1698இல் அநாதைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்திறங்கிய மதபோதகர் சீகன்பால்கு படித்தது ஹாலேயில். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் அச்சானதும் அங்கேதான். கியர்நாண்டர் என்ற ஸ்வீடன்கார மதபோதகர் ஹாலேயிலிருந்து கிளம்பி 1740இல் கடலூர் வந்து, 1758இல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடிக்கும்வரை இங்கே இருந்திருக்கிறார். நம் கரையிலிருந்து அவர்கள் எழுதிய கடிதங்கள் கப்பலேறி ஹாலேக்குப் போயின. அந்த வளாகத்தின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. தமிழ் ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன. வெளியே வந்தபோது மார்க்கெட் சதுக்கத்தில் இசையமைப்பாளர் ஹாண்டல் சிலைமேல் பனி விழுந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் எனக்கு முதல்முறையாக அந்நியம் விலகியது அன்றுதான்.

போன சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன், எனக்கு வந்த பதினேழு கடிதங்களோடு. அப்பாவும் நானும் திண்ணையில் உட்கார்ந்து பெயரையும் எண்களையும் மார்க்கரால் அடித்துவைத்திருந்தோம். டீச்சர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார், இரண்டைத் தனியே எடுத்துவைத்தார். அப்புறம் எழுந்துபோய்ச் சுவரில் 11,208ஐ அடித்துவிட்டு 11,904 என்று எழுதினார். சாக்பீஸை என் கையில் கொடுத்து, ஃபியர்டெல் எல்ஃபைப் பிள்ளைகளுக்கு நடத்தச் சொன்னார். ஒன்பது பேர் இருந்தார்கள். ஒரு பையன் உடனே, "அக்கா, அப்போ பத்தரைக்கு ஹால்ப் எல்ஃப் சொல்றோமே, அதே கணக்குதானா?" என்று கேட்டான். அதே கணக்குதான்.

அடுத்த ஏ1 (தொடக்க நிலை) வகுப்பு மாசி மாதம் தொடங்குகிறது. சனிக்கிழமையை மட்டும் தவறவிடாதீர்கள்.