வண்ணாரப்பேட்டை மருந்துக் கடையும் கைக்குழந்தையின் கரப்பானும்

இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு வந்த எட்டு மாதக் குழந்தை. கன்னத்திலும் முன்கையிலும் கரப்பான், அதாவது டாக்டர்கள் சொல்லும் எக்சிமா. கையில் நீர் கசிந்து, மேலே தேன் நிறத்தில் பொருக்குக் கட்டியிருந்தது. வண்ணாரப்பேட்டையில் ஒரு மருந்துக் கடைக்காரர் கைபேசிப் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு ட்யூபை எடுத்து வைத்தார். "இத போடுங்கக்கா, ரெண்டு நாள்ல காஞ்சிடும்." டாக்டர் சீட்டு கேட்கவில்லை, குழந்தைக்கு என்ன வயது என்றும் கேட்கவில்லை.

இங்கிலாந்தில் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற வீரியம் குறைந்த ஸ்டீராய்டு க்ரீமைக்கூட, பத்து வயதுக்குக் கீழ் என்றால் டாக்டர் சொல்லாமல் கடையில் தர மாட்டார்கள். இங்கே வந்தது க்ளோபெட்டசால் 0.05 சதவீதம், கூடவே நியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் மைக்கோனசோலும். பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை க்ளோபெட்டசால். இப்படிப்பட்ட ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே ஷெட்யூல் எச் என்ற மருந்துப் பட்டியலில் சேர்த்தாயிற்று. ட்யூப் மட்டும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் இதில் ஆபத்து. இரண்டு நாளில் சிவப்பும் அரிப்பும் நிஜமாகவே அடங்கும். நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பும், வீட்டில் மறுபடி அதையே பூசுவார்கள். குழந்தையின் எடைக்குத் தோல் பரப்பு அதிகம். டயப்பருக்குள்ளும் கழுத்து மடிப்பிலும் மருந்து இன்னும் கூடுதலாக உறிஞ்சப்படும். தோல் மெலியும், உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டும் குறைந்துபோகலாம். நியோமைசினுக்கே ஒவ்வாமை வருகிறவர்கள் உண்டு. மைக்கோனசோல் பூஞ்சைக்கான மருந்து, கரப்பானில் அதற்கு வேலையே இல்லை. எந்த ட்யூபானாலும் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டின் பெயர் இருந்தால், டாக்டர் எழுதாமல் கைக்குழந்தைக்குப் பூச வேண்டாம்.

கடையில் வந்த கோபத்தைத் தண்டையார்பேட்டையில் ஒரு குழந்தை டாக்டர் ஆற்றினார். சாயங்கால டோக்கன், அன்றைக்கே பார்த்தாயிற்று. இங்கிலாந்தில் தோல் டாக்டருக்குப் பரிந்துரை எழுதினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இவர் டயப்பர் உட்பட எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். நம் நிறத்துத் தோலில் கரப்பான் சிவப்பாகத் தெரியாது. கருத்து, சாம்பல் பூத்து, தடவினால் சொரசொரப்பாக இருக்கும். வெள்ளைத் தோலையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது லேசானதாகத் தோன்றிவிடும். இவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

புண்ணில் என்ன கிருமி என்று ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அவர் எடுத்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். காய்ந்த பொருக்கின் மேல் பஞ்சுக்குச்சியை உருட்டினால் பயனில்லை. சலைன் உப்புநீரில் நனைத்துப் பொருக்கை இளக்கி நீக்கி, அடியில் ஈரமான இடத்தில் எடுத்தார், அதுவும் ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன். முடிவு வர இரண்டு மூன்று நாள். பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாதான் வரும், ஆனால் எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதும் தெரிய வேண்டுமே. கசிவு ஓரிரு இடத்தில்தான் என்றால் ஃபுசிடிக் ஆசிட் என்ற ஆன்டிபயாட்டிக் களிம்பு 5 முதல் 7 நாள். பரவியிருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ வாய்வழி மருந்து. சீழ் வைத்துவிட்டதே என்று டாக்டர் எழுதிய ஸ்டீராய்டையும் நிறுத்துகிறார்கள், அது தவறு. வீக்கம் அடங்காமல் கிருமியை மட்டும் விரட்டினால் புண் ஆறாது. எழுதித் தந்தது டெசோனைடு, வீரியம் குறைந்த வகை ஸ்டீராய்டு. பெரியவர் ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு நீளத்துக்குப் பிதுக்கினால் அரை கிராம்; விரல்களோடு சேர்த்து பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகல இடத்துக்கு அது போதும்.

ஈரப்பத க்ரீம்தான் உண்மையான வேலையைச் செய்வது. வாரத்துக்கு 250 கிராம் வரை செலவாகும். இங்கிலாந்தில் 500 கிராம் டப்பாவே சீட்டில் கிடைக்கும், இங்கே 50, 100 கிராம் ட்யூப்தான் கண்ணில் படுகிறது, அதனால் வீட்டில் மிச்சம் பிடிக்கிறார்கள். டப்பாவாக வாங்கினால் விரல் விடாமல் ஸ்பூனால் எடுங்கள். புண்ணில் கிருமி இருந்த நாட்களில் திறந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மே மாத வெக்கையில் கெட்டியான களிம்பு வேர்வையை அடைத்து வேர்க்குருவைக் கிளப்பும். பகலில் க்ரீம், இரவில் களிம்பு. ஸ்டீராய்டுக்கும் ஈரப்பத க்ரீமுக்கும் அரை மணி இடைவெளி விடுங்கள்.

குளியல் வெதுவெதுப்பான தண்ணீரில், பத்து நிமிடத்துக்குள். போர் தண்ணி உப்பாக இருந்தால் குழந்தைக்கு மட்டும் மெட்ரோ வாட்டர் ஒரு பக்கெட் எடுத்து வையுங்கள். பயத்தம் மாவு வேண்டாம், கசியும் தோலைத் தேய்த்தால் இன்னும் கிழியும். சாம்பிராணி வாசனைக்கு ஏங்காதவர் யார்? ஆனாலும் புகை தோலையும் மூச்சையும் உறுத்தும், களிம்பு ஊறிய துணி தணலில் சட்டென்று பற்றிக்கொள்ளும். தாய்ப்பால் கொடுப்பவருக்குக் கத்திரிக்காயும் கருவாடும் கூடாது என்று பாட்டிமார் சொல்வதற்காகச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கரப்பான் இருக்கும் இடத்தில் திடீரென்று ஒரே அளவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, உடைந்து, துளைபோட்டதுபோல் வட்டப் புண்ணாகி, குழந்தை காய்ச்சலோடு சோர்ந்துவிட்டால் வீட்டில் "அம்மா வந்திருக்கா" என்பார்கள். வேப்பிலை கட்டுவார்கள், மருந்தை நிறுத்துவார்கள். அது ஹெர்ப்பிஸ் வைரஸ் கரப்பானில் ஏறியதாக இருக்கலாம். அந்த வைரஸுக்கான மருந்து அசைக்ளோவிர் அன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும். கண்ணுக்கு அருகில் இருந்தால் கண் டாக்டரும் பார்க்க வேண்டும். டோக்கனுக்குக் காத்திருக்க வேண்டாம், ராத்திரியானாலும் ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். உதட்டில் கொப்புளம் உள்ள பெரியவர்கள் குழந்தையைக் கொஞ்சாமல் இருப்பது நல்லது. ஊருக்கு வந்த குழந்தையைத் தெருவே தூக்கி முத்தமிடும், யாரிடமும் மறுத்துச் சொல்ல மனம் வராது, ஆனாலும் சொல்லுங்கள்.

ஆறிய இடம் வெளுத்திருப்பது வெண்குஷ்டம் இல்லை. சில மாதங்களில் நிறம் தானே திரும்பும்.

விமானம் ஏறும் முன் கல்ச்சர் ரிப்போர்ட்டையும் சீட்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டில் இருப்பது பிராண்ட் பெயர், இங்கிலாந்தில் உள்ள குடும்ப டாக்டருக்குப் புரியாது. மருந்தின் பெயர், சதவீதம், எத்தனை நாள் பூசியது என்பதைத் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தண்டையார்பேட்டை டாக்டர் கேட்டதும் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதித் தந்தார், அதற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை.