“ஆண்டுக்கு 35,000 ரூபாய்தான்” என்று சொல்லிச் சேர்த்த பொறியியல் கல்லூரி: பெற்றோரின் கவனத்துக்கு

இந்தப் பதிவில் கல்லூரியின் பெயரையோ, எங்களை அங்கே அழைத்துச் சென்ற முகவரின் பெயரையோ நான் எழுதவில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஒரு கல்லூரியை மட்டும் தவிர்த்துவிட்டு, இதே முறையில் ஆள் பிடிக்கும் இன்னொன்றில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடும். எனக்கு நடந்தது எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

நான் விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சாக்கு விலை, தரகு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிந்து, ஐந்து ரூபாய் உதைத்தால்கூட இரவு தங்கிச் சரிபார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவேன். அப்படிப்பட்டவன் என் மகளுடைய கல்லூரிக் கணக்கில் ஒரே ஓர் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டேன் என்பதை இப்போதும் என் முதலாளியிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

2023 மே மாதம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தபோது என் மகளின் கட்-ஆஃப் 200-க்கு 148. அவள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள். முடிவு வந்த நான்காம் நாளே, அவளுடைய மதிப்பெண்ணையும் என் கைப்பேசி எண்ணையும் வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார். எண் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. “அண்ணாச்சி, 148-க்குக் கலந்தாய்வில் தூரத்தில் எங்கேயோதான் இடம் கிடைக்கும், பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பப் போகிறீர்களா? நான் சொல்லும் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டுக் கட்டணம் 85,000. அதில் 50,000 ரூபாயை உதவித்தொகையாகக் கழித்துவிடுவார்கள். நீங்கள் ஆண்டுக்கு 35,000 ரூபாய்தான் கட்ட வேண்டும்” என்றார். கலந்தாய்வுக்கு விண்ணப்பிப்பதே வீண் அலைச்சல் என்றும் சொன்னார். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். அந்த 500 ரூபாயை மிச்சப்படுத்தி நான் எவ்வளவு இழந்தேன் என்பதுதான் இந்தப் பதிவு.

கல்லூரியிலிருந்தே கார் அனுப்பினார்கள். குளிரூட்டப்பட்ட அறையில் உட்கார வைத்து, பழச்சாறு கொடுத்து, செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் என்ற புதிய பிரிவைப் பற்றிப் பெரிய திரையில் படம் காட்டினார்கள். விளம்பர அட்டையில் ‘என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்றது’ என்று பொன்னெழுத்தில் இருந்தது. அந்த அங்கீகாரம் கல்லூரிக்கு அல்ல, தனித்தனிப் பாடப்பிரிவுக்குத்தான் வழங்கப்படுகிறது என்பதும், மாணவர்கள் படித்து வெளியேறிய பிறகுதான் ஒரு பிரிவு அதற்கு விண்ணப்பிக்கவே முடியும் என்பதும், ஆகவே புதிதாகத் தொடங்கிய அந்தப் பிரிவுக்கு அது இருந்திருக்கவே முடியாது என்பதும் எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அங்கீகாரம் பெற்றிருந்தது அவர்களுடைய இயந்திரவியல் பிரிவு.

அன்றே 50,000 ரூபாய் கட்டினேன். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் நான்கையும் அசலாகவே வாங்கிக்கொண்டார்கள். அவற்றைப் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் எதுவும் தரவில்லை. பணத்துக்கு மட்டும் இரண்டு ரசீதுகள் வந்தன. மஞ்சள் ரசீது கல்லூரியின் பெயரில், 35,000 ரூபாய்க்கு. வெள்ளை ரசீது ஓர் அறக்கட்டளையின் பெயரில், 15,000 ரூபாய்க்கு, ‘மேம்பாட்டு நன்கொடை’ என்ற தலைப்பில். ஒரே மேசையில் ஒரே ஆளிடம் கொடுத்த ஒரே கட்டுப் பணத்துக்கு இரண்டு பெயரில் ரசீது வருவதன் பொருள் மண்டிக் கணக்கில் எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே ஏனோ வாயைத் திறக்கவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், புது இடம், எல்லோரும் ‘சார், சார்’ என்று மரியாதையாகப் பேசினார்கள்.

வகுப்பு தொடங்கிய பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கல்லூரிப் பேருந்துக்கு 32,000 ரூபாய். எங்கள் வீட்டுக்கு அருகிலிருந்து புறப்படும் நகரப் பேருந்து கல்லூரி வாயிலிலிருந்து ஒரு கிலோமீட்டரில் நிற்கும். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் ‘மாணவியரின் பாதுகாப்பு கருதி’ கல்லூரிப் பேருந்தில்தான் வர வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார்கள். வேலைவாய்ப்புப் பயிற்சிக்கு 12,000, சீருடை, கோட்டு, பதிவேடுகளுக்கு 9,500, இணையவழிச் சான்றிதழ் படிப்புக்கு 6,000, இரண்டு பருவத் தேர்வுக் கட்டணம் 3,200. நன்கொடையையும் சேர்த்து முதலாண்டில் நான் கட்டியது 1,12,700 ரூபாய். என் மனைவி நகையை வைத்துத்தான் பேருந்துக் கட்டணத்தைக் கட்டினோம். கல்விக் கடனுக்கு வங்கிக்குப் போனபோது மேலாளர் இரண்டு ரசீதுகளையும் பார்த்துவிட்டு, அறக்கட்டளை ரசீதைத் தனியே ஒதுக்கி, “இது கல்விக் கட்டணமே இல்லையே” என்றார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். இரண்டாம் பருவத்தில் ஒரு நாள் என் மகள் வீட்டுக்கு வந்து பையைக் கூடக் கழற்றாமல், “அப்பா, என் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்குக் கட்-ஆஃப் 121. அவள் கலந்தாய்வு வழியாகத்தான் வந்திருக்கிறாள். முதல் பட்டதாரிச் சலுகை கிடைத்ததால் நாம் கட்டியதில் பாதிகூட அவள் கட்டவில்லை” என்றாள். அதே கல்லூரி, அதே பிரிவு, அதே இருக்கை வரிசை. தனியார் கல்லூரிகளுக்கான கட்டண நிர்ணயக் குழு 2017-இல் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு 50,000 ரூபாயும், அங்கீகாரம் பெற்ற பிரிவுகளுக்கு 55,000 ரூபாயும் நிர்ணயித்திருக்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. நூலகம், ஆய்வகம், இணையம், விளையாட்டு ஆகியவற்றுக்கான கட்டணமும் அந்தத் தொகைக்குள்ளேயே அடக்கம். கலந்தாய்வு வழியாகச் சேரும் முதல் தலைமுறை மாணவருக்குக் கற்பிப்புக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசே ஏற்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அதாவது, ‘50,000 ரூபாய் உதவித்தொகை’ என்று எனக்குக் காட்டியது, என் மகளுக்கு உரிமையாகக் கிடைத்திருக்க வேண்டியதைக் கைவிடச் செய்துவிட்டு, அதன் இடத்தில் கல்லூரி தன் விருப்பம்போல் கொடுக்கவும் நிறுத்தவும் கூடிய ஒன்றை வைத்ததுதான். அன்றிரவு அலமாரியிலிருந்து உதவித்தொகைக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். கடைசி வரியில், மற்ற எழுத்துகளை விடச் சிறிய எழுத்தில், ‘ஆண்டுதோறும் நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டது’ என்று இருந்தது.

அந்த முடிவு விரைவிலேயே வந்தது. முதலாண்டில் கணிதத்தில் ஓர் அரியர் விழுந்தது. அதைக் காரணம் காட்டி, இரண்டாம் ஆண்டுக்கு உதவித்தொகை இல்லை, முழு 85,000 ரூபாயும் கட்ட வேண்டும் என்றார்கள். பேருந்துக் கட்டணம் 36,000 ஆகியிருந்தது. பயிற்சி, சான்றிதழ் என்று மேலும் 30,000. மொத்தம் 1,51,000 ரூபாய். என் ஆண்டு வருமானத்தில் அது பாதிக்கு மேல். நாங்கள் வெளியேறுவது என்று முடிவு செய்தோம்.

மாற்றுச் சான்றிதழைக் கேட்டபோது, எஞ்சிய மூன்று ஆண்டுகளுக்கான கட்டணம் 2,55,000 ரூபாயைக் கட்டினால் தருவதாக அலுவலகத்தில் சொன்னார்கள். எழுத்தில் கேட்டேன், தரவில்லை. முகவரை அழைத்தேன், “அண்ணாச்சி, சேர்த்துவிடுவது மட்டும்தான் என் வேலை” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கல்லூரி கொடுத்ததும் எங்கள் உறவு முடிந்திருந்தது.

மண்டிக்குச் சரக்கு வாங்க வரும் ஒரு வழக்கறிஞரின் குமாஸ்தாதான் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொன்னார். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு; ஆகவே மனுவை மகளின் பெயரிலேயே கொடுத்தோம். அங்கிருந்த வழக்கறிஞர் எடுத்துக் காட்டிய விதிகளைத்தான் ஒவ்வொரு பெற்றோரும் சேர்க்கைக்கு முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இடையில் விலகும் மாணவரிடம் எஞ்சிய ஆண்டுகளுக்கான கட்டணத்தைக் கேட்கக் கூடாது என்றும், அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்றும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக்குழு கல்லூரிகளுக்கு விதித்திருக்கிறது. வகுப்பு தொடங்கும் முன்பே விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவும் 2018-இல் வெளியிட்ட அறிவிக்கையில், சான்றிதழ்களைச் சரிபார்த்த உடனே மாணவரிடமே திருப்பித் தர வேண்டும் என்று கூறியிருக்கிறது. ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட கட்டணத்தை முன்கூட்டியே வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் இஸ்லாமிக் அகாடமி வழக்கிலேயே சொல்லிவிட்டது. கல்லூரிகள் நன்கொடை வசூலிப்பதைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 1992-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. என்னுடைய வெள்ளை ரசீதை அந்தச் சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அதை ஏன் அறக்கட்டளையின் பெயரில் போட்டார்கள் என்று புரிந்தது.

ஆணைக்குழு வழியாக அறிவிப்பு அனுப்பினோம். அதன் நகலைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, கல்விக்குழுவின் இணையதளத்திலும் புகார் பதிந்தோம். நாற்பத்தேழாம் நாள் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. சான்றிதழ்களைக் கொடுத்தார்கள்; ‘எனக்கு வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். முதலாண்டில் கட்டியதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. அதற்குள் அரசுக் கலைக் கல்லூரிகளில் சேர்க்கை முடிந்திருந்ததால், என் மகள் ஓராண்டு முழுவதும் வீட்டிலிருந்தபடி தட்டச்சு படித்தாள். 2025-இல் அரசுக் கலை அறிவியல் கல்லூரியில் கணினி அறிவியலில் சேர்ந்தாள். ஓராண்டுக்கும் சேர்த்து நான் கட்டியது மூவாயிரம் ரூபாய்க்கும் குறைவு, ஒரே ரசீது. கூடப் படித்தவர்கள் மூன்றாம் ஆண்டில் இருக்க, இவள் முதலாண்டில் இருக்கிறாள் என்பதை அவள் ஒருமுறைகூட என்னிடம் சொல்லிக் காட்டவில்லை. எனக்கு அதுதான் அதிகமாக வலிக்கிறது.

இப்போது யாராவது என்னிடம் கல்லூரி பற்றிக் கேட்டால், முதலாண்டுக் கட்டணத்தைப் பற்றிப் பேச்செடுக்கவே நான் விடுவதில்லை. நான்கு ஆண்டுக்கும், பேருந்து, விடுதி, பயிற்சி, தேர்வு, சீருடை என்று எல்லாத் தலைப்பையும் சேர்த்து, ஆண்டுதோறும் எவ்வளவு உயரும் என்பதையும் குறித்து, கல்லூரியின் முத்திரையோடு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அந்த மறுப்பே பதில். உதவித்தொகை என்றால், அரியர் விழுந்தால் அது என்ன ஆகும் என்று கேளுங்கள். கலந்தாய்வுக்கு விண்ணப்பிப்பதை எந்த நிலையிலும் விடாதீர்கள். இணைய வசதி இல்லாவிட்டாலும் மாவட்டந்தோறும் உள்ள உதவி மையங்களில், விண்ணப்பக் கட்டணத்துக்கு மேல் தனியாக எதுவும் வாங்காமல் பதிந்து தருகிறார்கள். அப்படிப் பதிந்த பிறகு, ‘நானே விருப்பப் பட்டியலை நிரப்பித் தருகிறேன்’ என்று வருகிறவரிடம் கடவுச்சொல்லையோ ஓ.டி.பி.யையோ கொடுத்துவிட்டால், அவர் தனக்குத் தரகு தரும் கல்லூரியை மட்டும் முதலில் வைத்து நிரப்பிவிடுவார். அது நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வதை விடச் சற்று நாகரிகமான ஏமாற்று, அவ்வளவுதான். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளை என்றால் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசின் பொறுப்பு. அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு வந்து ‘சலுகை’ பேசுகிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

சென்ற வாரம் எங்கள் அடுத்த தெருவில் அதே காரைப் பார்த்தேன். தையல் கடை வைத்திருப்பவரின் மகன் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதியிருக்கிறான். மாலையில் மஞ்சள் ரசீதையும் வெள்ளை ரசீதையும் எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். அவர் ஏற்கெனவே 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தார். சான்றிதழ்களை இன்னும் கொடுக்கவில்லை.