பத்தியத்துக்கு முன் நண்டு: வயிற்றுப்பிள்ளையோடு கொழும்பில் இரண்டு இரவு

இரண்டாவது பிள்ளை கைக்கு வருமுன் கணவனும் மனைவியும் இரண்டு நாள் எங்கேயாவது போய் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு வர வேண்டுமென்றால், நுவரெலியாவை விடக் கொழும்பே மேல். மலைப்பாதை வளைவுகளில் வயிறு பிரட்டாது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரையான எட்டுக் கிலோமீற்றருக்குள் யாழ்ப்பாணக் கூழ், பறங்கியர் லம்ப்ரைஸ், கொத்து, சேற்று நண்டு எல்லாம் அகப்படும். பிள்ளை பிறந்த கையோடு அம்மாவும் மாமியும் சரக்குக் கறிப் பத்தியத்தைத் தொடங்கிவிடுவார்கள். நண்டு, இறால், கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி என்று ஒதுக்கப்படும். அதனால் இந்தப் பயணத்தின் நடுநாயகம் நண்டுதான். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

14 முதல் 27 கிழமை வரையான காலம் வசதியானது. குமட்டல் அடங்கியிருக்கும், வயிறு இன்னும் நெஞ்சை முட்டியிருக்காது. 24க்கும் 28க்கும் இடையில் சீனிப் பரிசோதனை வரும். அதன் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு போனால் வட்டிலப்பத்தைப் பற்றி மேசையில் இருந்து வாதாடத் தேவையில்லை.

தங்குமிடம் பம்பலப்பிட்டிக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில் இருந்தால் எல்லாக் கடைகளும் ஓட்டோ தூரத்தில் வரும். கடல் பக்க அறை அழகுதான். ஆனால் கரையோரமாக விடியப்புறமே ரயில் ஓடத் தொடங்கும். இரவில் நாலு தரம் எழும்புகிறவருக்கு அது பெரிய தொல்லை. காலி வீதியைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒழுங்கைகளில் அறை எடுங்கள். லிப்ட் உண்டா என்று முதலே கேளுங்கள். காலைச் சாப்பாடு சேராத கட்டணத்தில் பதிவது நல்லது, ஏனென்றால் வெள்ளவத்தையில் கிடைக்கும் காலைச் சாப்பாட்டுக்கு ஹோட்டல் சாப்பாடு கிட்டவும் வராது.

இனி நண்டு. கோட்டையில் பழைய டச்சு வைத்தியசாலைக் கட்டடத்தில் 2011இல் தொடங்கிய மினிஸ்ட்ரி ஒஃப் கிராப், தர்ஷன் முனிதாசவும் கிரிக்கெட் வீரர்களான மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் சேர்ந்து நடத்தத் தொடங்கிய கடை. நண்டை நிறைப்படி விற்கிறார்கள்: அரைக் கிலோவில் தொடங்கி இரண்டு கிலோ வரை போகும். நண்டு நிறையில் மூன்றிலொரு பங்கு அளவே சதை, மிச்சம் ஓடு. ஆகவே இரண்டு பேருக்கு அரைக் கிலோவில் இரண்டு எடுப்பதை விட ஒரு கிலோவில் ஒன்றே எடுப்பது புத்தி. பெரிய நண்டின் கொடுக்கில் சதை கட்டியாக இருக்கும், உடைப்பதற்கும் மினைக்கெடத் தேவையில்லை. சிறியதில் கால்களை நோண்டியே கை சோர்ந்துவிடும்.

எந்தச் சமையல் என்றால், மிளகு நண்டு. உள்ளியும் செத்தல் மிளகாயும் போட்டுச் செய்வது பேர்போனதுதான், ஆனால் அதில் எண்ணெய் அதிகம். ஏழாம் மாதத்தில் படுக்கும்போது அது நெஞ்சுக்குள் எரியும். சாறைத் தொட்டுச் சாப்பிட அவர்களுடைய கடைப்பாணையும் சொல்லிவிடுங்கள், சோறு வேண்டாம். போய் இருந்தவுடனே ஓடர் கொடுங்கள். சமைத்து வர நேரமெடுக்கும், பசித்த கர்ப்பிணிக்கு அந்தக் காத்திருப்பு ஆகாது. இடம் முன்கூட்டியே பதிய வேண்டும். இரவு எட்டு மணி மேசையை விட மத்தியான மேசைதான் உகந்தது: சாப்பிட்டபின் நிமிர்ந்திருந்து சமிக்க நேரம் கிடைக்கும்.

நண்டில் பார்க்க வேண்டியவை இரண்டு. சதை வெள்ளையாக, நார் நாராகப் பிரிய வேண்டும். கண்ணாடி போலத் தெரிந்தால் அவியவில்லை, கூச்சப்படாமல் திருப்பி அனுப்பலாம். மற்றது, மேலோட்டுக்குள் இருக்கும் மஞ்சள்–பச்சைக் கொழுப்பு. நண்டுப் பிரியர்கள் அதற்கே உயிரை விடுவார்கள். ஆனால் அது நண்டின் ஈரல் மாதிரியான உறுப்பு. கட்மியம் போன்ற உலோகங்கள் சேரும் இடம். இந்த ஒரு தரம் அது கணவருக்கே போகட்டும். சதையில் பாதரசம் குறைவு, புரதம் தாராளம். நன்றாக அவிந்த நண்டுக்குக் கர்ப்பகாலத்தில் தடை இல்லை, ஒவ்வாமை உள்ளவர்களைத் தவிர.

விலை கடிக்கும். இப்படியான வரி பதிந்த உணவகங்களில் மெனுவில் உள்ள தொகையோடு பல இடங்களில் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 18 சதவீத வற் வரியும் சேரும். 100 ரூபா என்றிருப்பது பில்லில் 130க்குக் கிட்ட வந்து நிற்கும். நிறையைத் தெரிவு செய்யும்போதே இதைக் கணக்கில் எடுங்கள்.

அவ்வளவு செலவழிக்க மனமில்லையென்றால், கொள்ளுப்பிட்டி ரேணுகா ஹோட்டலில் உள்ள பல்மைராவில் யாழ்ப்பாண நண்டுக் கறி இருக்கிறது. யாழ்ப்பாணக் களப்பு நண்டு சேற்று நண்டை விடச் சிறியது, ஓடு மெல்லியது, சதை இனிப்பு. முருங்கையிலையும் மிளகும் சேர்ந்த குழம்போடு இடியப்பமோ புட்டோ எடுத்தால் வயிறு நிறையும். சேற்று நண்டு விருந்து, இது சாப்பாடு. இரண்டில் எது சுவை என்று எங்கள் ஆட்களைக் கேட்டால் பதில் முன்கூட்டியே தெரிந்ததுதான். கூழ் கிடைக்கும் நாளென்றால் விடாதீர்கள். ஒடியல் மாவில் நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, பழப்புளி எல்லாம் ஒன்றாகக் கொதித்து வருவதால் கர்ப்பிணிக்கு அது பயமில்லாத சாப்பாடு. சூடு ஆறினால் கெட்டியாகிவிடும், ஆவி பறக்கும்போதே குடிக்க வேண்டும். உறைப்பு மட்டும் கவனம்.

காலைச் சாப்பாட்டுக்கு வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம். ராமகிருஷ்ணா வீதியில் சண்முகாஸ், பம்பலப்பிட்டி ஷ்ரப்பரி கார்டன்ஸில் கிறீன்லண்ட்ஸ், காலி வீதியில் சரஸ்வதி லொட்ஜ்: மூன்றும் சைவம். முதல் பிள்ளையோடு போகிறவர்களுக்குச் சண்முகாஸ்தான் வசதி; அமைதி வேண்டுமென்றால் பழைய வீட்டில் நடக்கும் கிறீன்லண்ட்ஸ். தோசை கல்லிலிருந்து நேரே வருகிறது, இட்டலி ஆவியிலிருந்து வருகிறது; பயப்பட எதுவும் இல்லை. பயப்பட வேண்டியது பக்கத்தில் வைக்கும் தேங்காய்ச் சட்னிக்கும் சம்பலுக்கும்தான். திருவிய தேங்காய் கொழும்பு வெக்கையில் சில மணித்தியாலங்களில் புளிக்கும். எட்டு மணிக்கு வைத்த சட்னி வேறு, பதினொரு மணிக்கு வைத்த சட்னி வேறு. நேரத்தோடு போங்கள்.

சாப்பாட்டுக்கடைகளில் ஒரு வழக்கம் உண்டு: கேட்காமலே வடை, ரோல்ஸ், பற்றீஸ் நிறைந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு, உண்டதற்கு மட்டும் காசு எடுப்பார்கள். உங்களுக்கு முன் அந்தத் தட்டு எத்தனை மேசைக்குப் போய் வந்ததென்று யாருக்கும் தெரியாது. அதைத் தள்ளிவைத்து, “இப்ப பொரிச்சது இருக்கோ?” என்று கேளுங்கள். அனேகமாக இருக்கும். அப்பக் கடையில் முட்டை அப்பம் கேட்கும்போது மஞ்சட்கரு இறுகும்வரை மூடிவைக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கரு ஓடத்தான் வரும்.

லம்ப்ரைஸ் சாப்பிடாமல் கொழும்பை விட்டுப் போவது பாவம். துன்முல்லைக்குப் பக்கத்தில் ரீட் அவெனியூவில், 1908இல் தொடங்கிய டச்சு பறங்கியர் சங்கத்தில் கிடைப்பதுதான் முறைப்படி செய்தது: இறைச்சிச் சாறில் அவித்த சோறு, கலவை இறைச்சிக் கறி, ஃபிரிக்கடெல் உருண்டை, கத்தரிக்காய் மோஜு, சாம்பல் வாழைக்காய்க் கறி, சீனிச் சம்பல், இறால் பிளச்சான், எல்லாவற்றையும் வாழையிலையில் பொதிந்து போறணையில் வைத்து எடுப்பது. அவித்த முட்டை பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது. பழைய ஆட்கள் அதை ஏற்க மாட்டார்கள். கலவை இறைச்சியில் மாடும் பன்றியும் இருக்கும், ஆகவே ஒதுக்கம் உள்ளவர்கள் கோழி லம்ப்ரைஸ் என்று சொல்லியே வாங்க வேண்டும். ஃபிரிக்கடெல் எந்த இறைச்சி என்பதையும் தனியாகக் கேளுங்கள், கறி கோழியாக இருந்தாலும் உருண்டை மாடாக இருக்கலாம்.

கர்ப்பிணிக்கு லம்ப்ரைஸில் உள்ள சிக்கல் சோறுதான். அவித்த சோறு இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் அதில் வளரும் ஒரு பக்டீரியா விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. ஆகவே மத்தியானத்தில் வாங்கி, அங்கேயே இருந்து, இலையைப் பிரித்தவுடன் நடுவிலிருந்து ஆவி வருகிறதா என்று பார்த்துச் சாப்பிடுங்கள். அறைக்குக் கொண்டுபோய் இரவுக்கு வைத்திருக்கும் எண்ணம் வேண்டாம்.

கொத்துக்கு காலி வீதியில் உள்ள பிலாவூஸ் கடை. தகரச் சத்தம் காதைப் பிளந்தாலும், கல் எப்போதும் கொதித்துக்கொண்டே இருப்பதுதான் அந்தச் சத்தத்தின் பொருள். சீஸ் கொத்தில் சீஸ் கல்லிலேயே உருகுவதால் கவலையில்லை. ஈரல் போட்டதை விட்டுவிடுங்கள், அதில் விற்றமின் ஏ கர்ப்பத்துக்கு ஒத்துவராத அளவு உண்டு. கூடத் தரும் குழம்பு வெதுவெதுப்பாக இருந்தால் சுடவைத்துத் தரச் சொல்லுங்கள். உப்பும் எண்ணெயும் தாராளம் என்பதால் இருவருக்கு ஒரு கொத்து போதும், அதுவும் ஏழு மணிக்கு முன். பிரஷர் உள்ளவருக்கு இந்தக் கடை வேண்டாம்.

காலி முகத்திடலில் மாலைக் காற்று வாங்கும்போது இறால் வடை கண்ணை இழுக்கும். பருப்பு வடையின் மேல் ஓட்டோடு இறால் பதித்தது. கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருப்பது பின்னேரம் பொரித்தது. அதைத் திரும்ப எண்ணெயில் தோய்த்துத் தருவது பொரிப்பதாகாது. மாவிலிருந்து புதிதாகப் போடும் வண்டியைத் தேடுங்கள். மேலே தூவும் பச்சை வெங்காயமும் தக்காளியும் வேண்டாம் என்று சொல்லுங்கள், வருத்தம் தருவது வடையில்லை, அதுதான். அச்சாறு, வெட்டிவைத்த அன்னாசி, மாங்காய்க்கும் இதே விதி. அன்னாசி சாப்பிட்டால் பிள்ளை கலையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் வெயிலில் வெட்டிவைத்த அன்னாசி வயிற்றைக் கலக்கும்.

ஹோட்டல் பஃபேக்கு மட்டும் எங்கள் வாக்கு கிடையாது. கர்ப்பிணி உண்ண முடியாத பாதிக்கும் சேர்த்துத்தான் காசு: குளிர் இறைச்சி, பச்சை மீன், மயோனெய்ஸ் சலாட், பச்சை முட்டை சேரும் மூஸ். மிச்சம் சூட்டுத் தட்டில் காத்துக்கிடக்கும். போகத்தான் வேண்டுமென்றால் கதவு திறக்கும் நேரத்தில் போய், அப்பமும் கொத்தும் கண்முன்னே போடும் மூலையில் நில்லுங்கள். 1864இல் தொடங்கிய கோல் ஃபேஸ் ஹோட்டலின் கடலோர விறாந்தையில் பின்னேரத் தேநீர் வேறு கணக்கு. அங்கே காசு கொடுப்பது சாப்பாட்டுக்கல்ல, இருக்கைக்கு. கோல் ஃபேஸ் டெரஸில் உள்ள நிஹொன்பாஷி என்ற ஜப்பானிய உணவகத்தின் பச்சை மீனைப் பிள்ளை பிறந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

மீன் எடுத்தால் பெயரைக் கேளுங்கள். சுறா, வாள்மீன், தளப்பத்து போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். கும்பளா, சூடை, நெத்தலி, இறால், கணவாய் சுகம். பால் சுரக்கச் சுறா வறை கொடுக்கும் வழக்கம் உள்ள வீடுகளிலும் சின்னப் பால்சுறாவோடு நிற்பது நல்லது.

தேத்தண்ணி விஷயத்தில் கணக்கு உண்டு. நாளுக்கு 200 மில்லிகிராம் கஃபீன் எல்லை. சாயம் கடுமையாகப் போட்ட இரண்டு கோப்பை அதில் பெரும்பகுதியை எடுத்துவிடும். அதோடு, இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடோ கல்சியக் குளிசையோடோ விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். தாகத்துக்கு உங்கள் முன்னால் வெட்டிய செவ்விளநீர். காலி வீதி பொம்பே ஸ்வீட் மஹாலில் பாலூடாவைப் பகிர்ந்து குடியுங்கள், ஐஸ் கட்டி போடாமல். மண்சட்டித் தயிரை விட, பாஸ்சராக்கியதென்று லேபிளில் போட்ட தயிரே இப்போதைக்கு நல்லது; கித்துள் பாணி எதன்மேல் ஊற்றினாலும் கித்துள் பாணிதான்.

போயா நாளில் இறைச்சிக் கடைகளும் மதுக்கடைகளும் பூட்டு, சில உணவகங்களும்தான். கலண்டரைப் பார்த்துத் திகதி வையுங்கள். கொழும்பில் டெங்கு எப்போதும் உண்டு, மழைக்குப் பின் கூடும். நுளம்புத் தைலம் பூசுங்கள். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும் எடுத்துக்கொண்டு உடனே டொக்டரிடம் போக வேண்டும், ஐபியூபுரோஃபன் கூடாது. எச் 512 கர்ப்பிணி அட்டை கைப்பையில் இருக்கட்டும். இலவச அம்புலன்ஸ் 1990. டி சொய்சா, காசல் வீதி ஆகிய அரச மகப்பேற்று வைத்தியசாலைகள் இரண்டும் பொரளைப் பக்கம்.

யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ ரயிலில் திரும்புகிறவர்கள் பார்சல் கட்டும்போது சொதியையும் தேங்காய்ச் சம்பலையும் விட்டுவிடுங்கள். முதலில் பழுதாவது தேங்காய்ப்பால்தான். பாணும் சீனிச் சம்பலும், தோல் உரிக்காத கதலி வாழைப்பழமும், ஓட்டோடு அவித்த முட்டையும் ரயில் பயணத்துக்குத் தாங்கும். சைவக்காரர் சீனிச் சம்பலில் மாசிக் கருவாடு போட்டதா என்று கேட்டு வாங்குங்கள், அனேகமாகப் போட்டிருப்பார்கள்.