அலைச்சறுக்குக் கதைக்கு போட்டோவா, வீடியோவா?

அலைச்சறுக்கை (சர்ஃபிங்) வைத்து மனதைத் தொடும் கதை ஒன்று சொல்லவேண்டும், கையில் இருப்பது ஒரே கேமரா, ஆளும் நீங்கள் ஒருவர்தான் என்றால் போட்டோ எடுப்பதா, வீடியோ எடுப்பதா? "வீடியோ எடுங்க, அதுல எல்லாமே வந்துடும்" என்பார்கள். வராது. இரண்டிலும் பதிவான ஒரே சம்பவத்தைப் பார்த்தாலே இது புரிந்துவிடும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸின் அலைச்சறுக்குப் போட்டி பாரிஸில் நடக்கவில்லை, பசிபிக் கடலில் பிரான்ஸின் ஆளுகையில் உள்ள தஹித்தித் தீவின் டியாஹுப்போ அலையில் நடந்தது. ஜூலை 29 அன்று பிரேசிலின் கேப்ரியல் மெடினா அங்கே ஓர் அலைக்குழாய்க்குள், அதாவது சுருண்டு விழும் அலையின் உட்பக்கத்துக்குள், புகுந்து வெளியே வந்தார், பத்துக்கு 9.90 மதிப்பெண். அலையை விட்டு விலகும்போது அவர் எம்பியதை ஏஎஃப்பி செய்தி நிறுவனப் புகைப்படக்காரர் ஜெரோம் ப்ரூயே படகிலிருந்து எடுத்த படம் அன்றே உலகம் சுற்றிவிட்டது. காற்றில் நெட்டுக்குத்தாக ஒரு மனிதர், விரல் மேலே நீண்டிருக்கிறது, பக்கத்திலேயே அவரது பலகையும் அதே மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. இப்போது அதே கணத்தை வீடியோவில் ஓட்டிப் பாருங்கள். அலையின் முதுகுப் பக்கம் ஒருவர் தாவி தண்ணீரில் விழுகிறார். அவ்வளவுதான்! சறுக்கி முடித்ததும் எல்லோரும் செய்கிற காரியம், கண் சிமிட்டினால் தவறிவிடும். முன்னும் பின்னும் வெட்டி எறியப்பட்டதால்தான் அந்தக் கணம் அற்புதமாகத் தெரிகிறது. இத்தனைக்கும் அலை மறைத்துக்கொண்டிருந்ததால் மெடினா எங்கே எழும்புவார் என்று ப்ரூயேவுக்குத் தெரியாது. வருவார் என்று கணித்து அமுக்கியதில் நான்கு படங்கள் விழுந்தன, அதில் ஒன்று இது. அலைச்சறுக்கு என்றால் என்னவென்றே தெரியாதவருக்கும் அந்த வெற்றிக்களிப்பு போய்ச் சேர்ந்தது. இந்த இடத்தில் போட்டோவுக்குத்தான் என் ஓட்டு, யோசிக்கவே வேண்டாம்.

சரி, எதிர்ப்பக்கம் வருவோம். 2015 ஜூலை 19, தென்னாப்பிரிக்காவின் ஜெஃப்ரீஸ் பே, இறுதிப் போட்டி நேரலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலிய வீரர் மிக் ஃபேனிங் பலகைமேல் உட்கார்ந்து அலைக்காகக் காத்திருக்கிறார். பின்னால் ஒரு சுறாவின் துடுப்பு எழுகிறது, தண்ணீர் கலங்குகிறது, அவர் பலகையிலிருந்து விழுகிறார். சரியாக அந்த நேரம் பார்த்து ஓர் அலை எழும்பி கேமராவுக்கும் அவருக்கும் நடுவே வந்து மறைக்கிறது. திரையில் வெறும் தண்ணீர். சில நொடிகள்தான், ஆனால் அப்போது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்த நொடிகளைத்தான் இன்றும் சொல்கிறார்கள். இதை எந்தப் போட்டோவிலும் எடுக்க முடியாது, ஏனென்றால் எடுத்தால் அது ஓர் அலையின் படமாக மட்டுமே இருக்கும். காயம் எதுவும் இல்லாமல் அவரைப் படகில் ஏற்றினார்கள். அவரை நோக்கி நீந்திப்போன எதிராளி ஜூலியன் வில்சன் பிறகு பேட்டியில் குரல் உடைந்து அழுதார். அந்தக் குரல் உடைவதும் வீடியோவுக்கே உரிய சொத்து.

அதனால்தான், வீடியோவின் உண்மையான பலம் அசைவு அல்ல, ஒலியும் காத்திருப்பும்தான் என்று நினைக்கிறேன். அசைவை ஒரு நல்ல போட்டோ உங்கள் மனதிலேயே ஓட்டிக் காட்டிவிடும். கால் வழுக்காமலிருக்க மெழுகைப் பலகையில் தேய்க்கிற கரகர சத்தம், அலை உடைவதற்கு முன் வருகிற அந்த அமைதி, கைகளால் தண்ணீரைத் தள்ளித் தள்ளிக் களைத்தவரின் மூச்சு, இவற்றைப் போட்டோ தராது. ஆனால் நெட்டில் கிடைக்கும் அலைச்சறுக்கு வீடியோக்களில் பெரும்பாலானவை முதல் வேலையாக இந்த ஒலியைத்தான் தூக்கி எறிகின்றன. எல்லாம் ஸ்லோமோஷன், மேலே ஒரு பியானோ. பல கேமராக்களில் ஸ்லோமோஷன் முறையில் ஒலியே பதிவாகாது, அப்புறம் எடிட்டிங்கில் அந்த ஓட்டையை இசையால் அடைக்கவேண்டியதுதான். ஒலியை எறிந்துவிட்ட வீடியோ, போட்டோவோடு போட்டோவின் களத்திலேயே மோதுகிறது. தோற்றும் போகிறது.

இசையே கூடாது என்று சொல்லவில்லை. அலைச்சறுக்குப் படங்கள் எடுத்த ஜார்ஜ் க்ரீனோ கனமான கேமராவை முதுகில் கட்டிக்கொண்டு அலைக்குழாய்க்குள் போய் எடுத்த காட்சிகள், 1973-இல் வந்த கிரிஸ்டல் வாயேஜர் படத்தின் கடைசியில் பிங்க் ஃப்ளாய்ட் ராக் இசைக்குழுவின் 23 நிமிடப் பாட்டோடு ஓடும். அங்கே இசை ஓட்டையை அடைக்க வரவில்லை, காட்சியே அதன்மேல்தான் நிற்கிறது. ஆனால் கவனியுங்கள், அதில் மனிதர் கிடையாது, அலைதான் இருக்கிறது. அதில் வருவது பிரமிப்பு. ஒருவரது வலியையோ பயத்தையோ சொல்ல அது உதவாது. நெற்றியிலோ பலகை நுனியிலோ மாட்டும் சின்ன ஆக்‌ஷன் கேமராவுக்கும் இதே சிக்கல். அவர் பார்த்தது தெரியும், அவர் தெரியமாட்டார். பலகை நுனியிலிருந்து பின்னோக்கித் திருப்பி வைத்தால் முகம் கிடைக்கும், அது வேறு விஷயம்.

எங்கே நின்று எடுக்கிறோம் என்பதும் இதே அளவு முக்கியம், சொல்லப்போனால் சிலசமயம் போட்டோவா வீடியோவா என்பதைவிட. கரையிலிருந்து 400, 600 மில்லிமீட்டர் தொலைநோக்கு லென்ஸ் வைத்தால் அலை எவ்வளவு பெரியது, ஆள் எவ்வளவு சின்னவர் என்பது அழகாகத் தெரியும், ஆனால் உணர்ச்சி எட்டத்திலேயே நின்றுவிடும். தண்ணீருக்குள் இறங்கினால் கதையே மாறுகிறது. 1930-களிலேயே கலிஃபோர்னியாவின் டாக் பால் என்ற பல் டாக்டர் கேமராவுக்குத் தண்ணீர் புகாத பெட்டி செய்துகொண்டு கடலில் இறங்கியது சும்மா இல்லை. ஹவுசிங்கில் (தண்ணீர் புகாத பெட்டி) போட்ட கேமரா, முகத்துக்கு நேராக அலை, குவிந்த கண்ணாடியில் துளி நிற்காமலிருக்க நாக்கால் நக்கி ஒருமுறை முக்கி எடுக்கவேண்டும் (பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் காலங்காலமாக வேலை செய்கிற வைத்தியம்). ஆள் இரண்டு கை தூரத்தில் கடந்து போவார், கண்ணில் இருக்கும் பயம் வரை தெரியும். இங்கே போட்டோ ஒரு படி முன்னால் நிற்கிறது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகம் வைத்தால் அலை உங்களைப் புரட்டிப் போட்டாலும் முகம் தெளிவாக விழும். வீடியோவோ குலுங்கும், ஹவுசிங்குக்குள் கேட்பதெல்லாம் வெறும் தட்டல் சத்தம். ஆக தண்ணீரில் எடுக்கும் வீடியோவுக்கு ஒலியைத் தனியாகக் கரையில் பதிவுசெய்துதான் சேர்க்கவேண்டும். ட்ரோனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை, இடத்தைக் காட்டும், மனிதரைப் புள்ளியாக்கும். இரண்டு ஷாட் போதும்.

ஒரே சறுக்கலில் இரண்டையும் எடுக்கலாம் என்று ஆசைப்படவேண்டாம். வீடியோவுக்கு ஷட்டர் வேகத்தை நொடியில் 1/50 பங்கு அளவில் வைத்தால்தான் அசைவு இயல்பாக இருக்கும். அதிலிருந்து ஒரு ஃபிரேமை உருவினால் முகம் கலங்கித்தான் இருக்கும். போட்டோவுக்கென்று ஷட்டர் வேகத்தை ஏற்றினால் வீடியோவில் தண்ணீர் வெட்டி வெட்டித் தெறிக்கும்.

அப்படியானால் எதை எடுப்பது? உங்கள் கதையில் ஒருவர் எதையோ கடந்து வந்திருக்கிறார், காயம், இழப்பு, கடல்மீது பயம், ஏதோ ஒன்று என்றால் வீடியோ. ஆனால் பாதி நேரத்தைக் கரையிலேயே செலவழியுங்கள், அவர் அலைகளைப் பார்த்துக்கொண்டு இறங்கலாமா வேண்டாமா என்று தயங்குவதை வெட்டாமல் எடுங்கள், அவர் பேசுவதைக் காற்றின் இரைச்சல் புகாத மைக்கில் தனியாகப் பதிவுசெய்யுங்கள். கதை ஒரே ஒரு கணத்தில் அடங்கும் என்றால் போட்டோ, அதற்குப் பக்கத்தில் நான்கு வரி எழுத்து இருந்தால் இன்னும் நல்லது. எதில் அடங்கும் என்று முன்கூட்டியே தெரியவில்லையா? போட்டோவே எடுங்கள், சட்டைப்பையில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல போட்டோக்களும் நல்ல குரலும் இருந்தால் பிறகு அதையே வீடியோவாகக் கோத்துவிடலாம், மோசமான வீடியோவிலிருந்து ஒரு நல்ல போட்டோகூடத் தேறாது.