கடைக்காரர் பாக்கெட்டிலிருந்து எடுத்துத் தந்த மூன்று தோட்டாக்கள்

டெக்சஸில் இருந்துகொண்டு செப்டம்பர் புறா சீசனுக்காகப் பழைய செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எனக்குப் போனது 575 டாலர், ஒரு நாள் குத்தகைப் பணம், அப்புறம் கூட வந்தவர்கள் முன்னால் கொஞ்சம் மானம். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ரசீதில் அவர்கள் எழுதியிருந்த வாசகத்தைக் கீழே சொல்கிறேன், ஏன் சொல்லவில்லை என்று அப்போது புரியும். ஃபோர்ட் வொர்த்துக்கு வெளியே ஒரு சின்னக் கடை, அது போதும்.

'நம்மாளு எதற்குத் துப்பாக்கியைத் தூக்குகிறான்' என்று கேட்பவர்களுக்கு: இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டப்படி காடை கவுதாரியைத் தொட்டாலே வழக்கு. இங்கே லைசென்ஸ் எடுத்து, கணக்கோடு சுடலாம். ஒரு நாளைக்குப் பதினைந்து புறா. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பாடம் படித்துத் தேற வேண்டும், நானும் தேறினேன். வேடிக்கை என்னவென்றால், நம்மூர் மின்கம்பியில் உட்கார்ந்து கத்துமே கள்ளிப்புறா, அது இங்கே வந்தேறி. அதற்குக் கணக்கே கிடையாது, எத்தனை வேண்டுமானாலும் சுடலாம்.

இரண்டு சீசன் ஆபீஸ் நண்பரின் பம்ப் துப்பாக்கியை இரவல் வாங்கிப் போனேன். புறா இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து வரும். முதல் குண்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் கையால் இழுத்துத் தள்ளுவதற்குள் அது மரம் தாண்டிவிடும். ஐம்பது தோட்டா சுட்டால் ராத்திரி தோளில் வெந்நீர் ஒத்தடம். செமி ஆட்டோமேட்டிக் தானாகவே காலித் தோட்டாவைத் துப்பிவிட்டு அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். கேஸில், அதாவது தோட்டா வெடிக்கும் புகைவாயுவின் தள்ளலில், ஓடும் வகை என்றால் உதையும் குறைவு. அப்படித்தான் ஆசை பிறந்தது.

கடையில் என் கண்ணில் பட்டது ரெமிங்டன் 1100, 12 கேஜ் (கேஜ் என்பது குழலின் அகல அளவு). 1963-ல் வந்த மாடல், அமெரிக்காவில் பாதி வீட்டில் தாத்தா வைத்திருந்த துப்பாக்கி. மாடல் மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வால்நட் கட்டை பளபளவென்று இருந்தது. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும், தேனாகப் பேசினார். "புறாவுக்கும் ஆகும், வாத்துக்கும் ஆகும், எதைப் போட்டாலும் ஓடும்" என்றார். "சுட்டுப் பார்க்கலாமா?" என்று நான் கேட்டதும் அவர் முகம் சுளிக்கவே இல்லை. பின்னாலேயே மண்மேடு இருக்கிறது, வாங்க என்று கூட்டிப்போனார். அங்கேதான் நான் விழுந்தேன்.

தன் சட்டைப் பாக்கெட்டிலிருந்து மூன்று தோட்டா எடுத்துக் கொடுத்தார். டப்பா இல்லை. ஒவ்வொன்றின் அடியிலும் பித்தளை உயரமாக, கிட்டத்தட்ட முக்கால் அங்குலத்துக்கு ஏறியிருந்தது. நான் வழக்கமாக வாங்குவதில் பித்தளை ஒரு மோதிரம் அளவுக்குத்தான் இருக்கும். வித்தியாசமாக இருக்கிறதே என்று நினைத்தேன், கேட்கவில்லை. டப், டப், டப். மூன்றும் பாய்ந்தன, காலிகள் வலது பக்கம் அழகாகத் தெறித்து விழுந்தன. தோளில் நல்ல உதை. 'உதை குறைவு என்று சொன்னார்களே' என்று ஒரு நொடி தோன்றியது, அதையும் விழுங்கிவிட்டேன். வாங்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுப் போனவனுக்குக் காது வேலை செய்யாது.

துப்பாக்கி வாங்குபவர் கடையில் நிரப்ப வேண்டிய மத்திய அரசின் 4473 படிவத்தை நிரப்பினேன், பின்னணிச் சோதனை சில நிமிடத்தில் முடிந்தது. (எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் இந்த இடத்தில் கவனம். குடியேற்றமில்லாத விசாக்காரர் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் பொதுவாகவே மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது அதற்கு ஒரு விலக்கு. படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது, பொய்யாக டிக் செய்துவிடாதீர்கள். எனக்கு கிரீன் கார்டு இருந்ததால் சிக்கல் இல்லை.) ரசீதில் 'பழைய 12 கேஜ் செமி ஆட்டோ, உள்ளது உள்ளபடி, திரும்பப் பெறப்படாது' என்று எழுதியிருந்தது. எதைப் போட்டாலும் ஓடும் என்ற பேச்சு ரசீதில் ஒரு எழுத்துகூட இல்லை.

செப்டம்பர் 1. கோல்மன் பக்கம் ஒரு பண்ணை, ஆளுக்கு 125 டாலர் நாள் குத்தகை. சூரியகாந்திக் காடு, ஓரத்தில் மாடு தண்ணீர் குடிக்கும் குளம். டெக்சஸ்காரர்கள் அதை 'டேங்க்' என்பார்கள். நம்மூரில் வெள்ளைக்காரன் ஏரியையும் கண்மாயையும் 'டேங்க்' என்றுதான் எழுதிவைத்தான், அதனால் எனக்கு அந்தச் சொல் உடனே ஒட்டிக்கொண்டது. மதுரைக்காரத் தம்பி ஒருவன் உடன் வந்திருந்தான், என்னைவிட நாலு சீசன் மூத்த வேட்டைக்காரன்.

வண்டியில் இருந்து இறங்கித் தோட்டா நிரப்பும்போதே தம்பி எண்ண ஆரம்பித்தான். "அண்ணே, நாலு போகுதுண்ணே. பிளக் எங்கே?" எனக்கு வயிற்றைக் கலக்கியது. புறா, வாத்து மாதிரி வலசைப் பறவைகளைச் சுடும் துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் நிற்கவே கூடாது என்பது 1935 முதல் உள்ள மத்திய விதி. அதற்காகத் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் மேகசின் குழலுக்குள் ஒரு குச்சி செருகியிருக்க வேண்டும், அதுதான் பிளக். 'நான் மூன்றுதான் போட்டேன்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது, இடம் இருந்தாலே குற்றம். கடைக்காரர் அந்தக் குச்சியைக் கழற்றி வைத்துக்கொண்டாரா, ஆரம்பத்திலிருந்தே இல்லையா தெரியாது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பி வேலியோரம் ஒரு மெஸ்கீட் கிளையை வெட்டி, கத்தியால் சீவி, நுனியை உருட்டி உள்ளே செருகி, இரண்டுக்கு மேல் போகவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் என்னைக் காட்டுக்குள் விட்டான். மெஸ்கீட் வேறு யாருமில்லை, நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி. ஊரில் பிடுங்கிப் பிடுங்கி மாளாத மரம் அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றியது. மதியத்துக்கு மேல் வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரியான கேம் வார்டன் வந்து, ஒவ்வொருவர் துப்பாக்கியிலும் தோட்டாவைத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

வெயில் சாய்ந்ததும் புறாக்கள் தண்ணீருக்கு இறங்க ஆரம்பித்தன. நான் வைத்திருந்தது எல்லாரும் புறாவுக்கு வாங்கும் தோட்டாதான்: இரண்டே முக்கால் அங்குலம், ஒரு அவுன்ஸ், எட்டாம் நம்பர் ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் பொடிக் குண்டுகள்). முதல் குண்டு போனது. இரண்டாவதுக்கு விரலை அழுத்தினால் ஒன்றுமே இல்லை. பார்த்தால் காலித் தோட்டா பாதி வெளியே, பாதி உள்ளே, கதவிடுக்கில் மாட்டிய விரல் போல நிற்கிறது. பிடுங்கி எறிந்துவிட்டுக் கையால் இழுத்து மறுபடி சுட்டேன். மறுபடி அதே. அன்றைக்கு நாற்பது குண்டு சுட்டிருப்பேன், தானாக ஏறியது நாலோ ஐந்தோ. அறுநூறு டாலருக்கு ஒற்றைக் குண்டுத் துப்பாக்கி. பட்ட புறாக்களும் கறிக்கு ஆகாமல் கந்தலாக விழுந்தன, அதன் காரணம் பிற்பாடு தெரிந்தது. தம்பி பதினைந்தை முடித்துவிட்டு நிழலில் உட்கார்ந்து, "அண்ணே, உங்களை நல்லா ஏத்திவிட்டுட்டாங்கண்ணே" என்றான்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். "எண்ணெய் போதாது" என்றார். போட்டேன், மாறவில்லை. அடுத்த வாரம் போனால், "புதுசா வாங்கியிருக்கீங்க, இருநூறு குண்டு பழகணும்" என்கிறார். நாற்பது வயதைத் தாண்டிய துப்பாக்கிக்கு இன்னும் பழக வேண்டுமாம்! அப்புறம், "உங்க தோட்டா சரியில்லை, இதைப் போடுங்க" என்று மூன்று அங்குல மேக்னம், அதாவது கனத்த தோட்டா, ஒரு டப்பாவை என் தலையில் கட்டினார். நல்லவேளை, அதைச் சுடுவதற்கு முன் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டினேன்.

அந்தப் பெரியவர் பேரலைக் கழற்றி விளக்கின் கீழ் பிடித்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பக்கவாட்டில் பொறித்திருந்ததைப் படிக்கச் சொன்னார். மூன்று அங்குல மேக்னம் என்றும் ஃபுல் சோக் என்றும் இருந்தது. சோக் என்பது பேரலின் வாய்ப்பகுதியில் இருக்கும் இறுக்கம், ஃபுல் என்றால் நல்ல இறுக்கம். பிறகு துப்பாக்கி உடம்பில் இருந்த வரிசை எண்ணைக் காட்டினார். கடைசியில் ஆங்கில 'வி' எழுத்து. 12 கேஜ் 1100-ல் 'வி' என்றால் இரண்டே முக்கால் அங்குலத்துக்குச் செய்த உடம்பு, 'எம்' என்றால் மேக்னம். ஒருவன் உடம்பில் இன்னொருவன் கை. எங்கேயோ இரண்டு துப்பாக்கியைப் பிரித்து விற்றதில் மிச்சத்தை ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

மாட்டினால் பொருந்தும், அதுதான் ஆபத்தே. இந்தத் துப்பாக்கியில் பேரலின் அடியில் சின்னத் துளைகள் இருக்கும். தோட்டா வெடிக்கும்போது கொஞ்சம் புகைவாயு அதன் வழியே இறங்கி, பிஸ்டனைப் பின்னால் தள்ளும். அந்தத் தள்ளலில்தான் காலி வெளியே போய் அடுத்தது ஏறுகிறது. மேக்னம் பேரலில் துளை சின்னது, ஏனென்றால் பெரிய தோட்டாவின் வேகத்துக்கு அதுவே போதும். அதில் ஒரு அவுன்ஸ் புறாத் தோட்டாவைப் போட்டால் தள்ள ஆள் போதாது. போதாக்குறைக்கு, வாயு ஒழுகாமல் பிடிக்கும் ரப்பர் ஓ-ரிங் காய்ந்து வெடித்திருந்தது. குக்கரில் கேஸ்கெட் போனால் விசில் வருமா? மூன்று அங்குல டப்பாவைக் காட்டினேன். பெரியவர் அதை வாங்கி மேசையின் அந்தப்பக்கம் தள்ளிவைத்தார். இந்த உடம்பு அதற்காகச் செய்ததல்ல, போடாதே என்றார். பிறகு கடையில் நான் சுட்ட மூன்று தோட்டாவைப் பற்றிக் கேட்டார். பித்தளை உயரத்தை விரலால் காட்டினேன். சிரித்துவிட்டார். இரண்டே முக்கால் மேக்னமாக இருக்கும், ஒன்றரை அவுன்ஸ் சரக்கு, வான்கோழிக்கும் வாத்துக்கும் போடுவது. அந்த அளவு வேகம் இருந்தால்தான் இது ஓடும் என்று தெரிந்தே பாக்கெட்டில் வைத்திருக்கிறார் மனுஷன். தெரியாமல் விற்றார் என்று இதுவரை நினைத்த எனக்கு அங்கேதான் கோபம் வந்தது.

வாத்துக்கும் ஆகும் என்றாரே, அதுவும் பொய். வாத்துக்கு ஈய ரவை 1991 முதல் நாடு முழுக்கத் தடை, ஸ்டீல் போன்ற மாற்று ரவைதான் போட வேண்டும். ஸ்டீலுக்கு முந்தைய காலத்து ஃபுல் சோக் பேரலில் அதைச் சுட்டால் வாய்ப்பகுதி வீங்கிக் கெடலாம். புறாவுக்கும் ஃபுல் சோக் வேண்டாத இறுக்கம். நாற்பது கஜத்தில் முப்பது அங்குல வட்டத்துக்குள் எழுபது சதவீத ரவையைப் போடுவதுதான் ஃபுல் என்பதன் கணக்கு. புறா வருவதோ இருபது, இருபத்தைந்து கஜத்தில். அங்கே ரவை விரிந்தே இருக்காது. ஒன்று தவறிவிடும், இல்லையென்றால் பறவை கந்தல். ஐம்பது சதவீதம் போடும், இறுக்கம் குறைந்த இம்ப்ரூவ்டு சிலிண்டர் சோக்தான் அதற்குச் சரி.

அதே கடையில் ஒரு பிரவுனிங் ஆட்டோ-5-ம் தொங்கிக்கொண்டிருந்தது. யாராவது அதைப் பார்க்கிறீர்கள் என்றால் ஒன்று: அது கேஸில் ஓடுவதல்ல, பேரலே பின்னால் வந்து போகும். உள்ளே உராய்வு வளையங்களை லேசான தோட்டாவுக்கு ஒரு மாதிரி, கனத்த தோட்டாவுக்கு ஒரு மாதிரி மாற்றிப் போட வேண்டும். லேசானதற்கு வைத்த நிலையில் கனத்ததைச் சுட்டுச் சுட்டு முன்கட்டை விரிசல் விட்டதை நிறைய விற்கிறார்கள். முன்கட்டையைக் கழற்றி உள்பக்கம் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள். புதிதாக வாங்குபவர்கள் கேஸா இனெர்ஷியாவா என்று குழம்புவார்கள். பெனெல்லி மாதிரி இனெர்ஷியா வகை, அதாவது துப்பாக்கி பின்னால் உதைக்கும் வேகத்திலேயே ஓடுவது, எடை குறைவு, உள்ளே கரி அவ்வளவாகச் சேராது, ஆனால் உதை அதிகம், தோளில் இறுக்கிப் பிடிக்காவிட்டால் லேசான தோட்டாவில் தடுக்கும். பெரெட்டா ஏ300 மாதிரி கேஸ் வகையைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், தோள் தப்பிக்கும். ஒரே நாளில் ஐம்பது, அறுபது சுடும் புறா வேட்டைக்கு என் ஓட்டு கேஸுக்குத்தான், இவ்வளவு பட்ட பிறகும்.

கடைசியாக ஒருமுறை கடைக்குப் போய்ப் பேரலையும் எண்ணையும் காட்டினேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "250-க்கு நான் திரும்ப எடுத்துக்கறேன்" என்றார். ஜஸ்டிஸ் கோர்ட்டுக்குப் போகலாம் என்று தம்பி சொன்னான். இருபதாயிரம் டாலர் வரை அங்கே வழக்குப் போடலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் என் கையில் இருப்பது 'உள்ளது உள்ளபடி' என்ற ரசீது, அவர் வாயால் சொன்னதற்குச் சாட்சி அந்த மண்மேடுதான். விட்டுவிட்டேன். நீங்கள் போனால் சொல்வதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள், பேரலில் பொறித்திருப்பதைப் படம் எடுங்கள், நீங்கள் சுடப்போகும் அதே தோட்டாவில் ஒரு டப்பா உங்கள் காசில் வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். அவர் பாக்கெட்டுக்குள் கை விட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மெக்கானிக் பெரியவர் 190 டாலருக்கு இரண்டே முக்கால் பேரல் ஒன்று தேடித் தந்தார், சோக் மாற்றிக்கொள்ளும் வகை. ஓ-ரிங் ஒரு காபி விலைகூட இல்லை. இப்போது ஒரு அவுன்ஸ் தோட்டாவில் தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது. மெஸ்கீட் குச்சியை மட்டும் இன்னும் மாற்றவில்லை. மேக்னம் பேரல் கராஜில் சும்மா கிடக்கிறது. வரிசை எண் கடைசியில் 'எம்' உள்ள 12 கேஜ் 1100 யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், தருகிறேன். ஃபுல் சோக், ஸ்டீல் ரவை போடக் கூடாது, வாய்ப்பக்கம் ஒரு கீறல் இருக்கிறது.